சங்கத்துக்குப் போன பதினேழாம் இடம்

நடந்தது இதுதான். வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

1. ஒரு வியாழக்கிழமை காலை, கடலூர் முதுநகரில் என் சித்தியின் மாமனார் இறந்துபோனார். காபி கேட்டார், வருவதற்குள் போய்விட்டார்.

2. துக்கம் நடந்த வீட்டுப் பெண்கள் பதினாறு நாள் மீன் அங்காடியில் உட்காரமாட்டார்கள். அந்த நாள்களுக்குத் தங்கள் இடத்தைச் சங்கத்திடம் விட்டுவைப்பார்கள். 'பொதுவில் போடுவது' என்று அதற்குப் பெயர். கருமாதி முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

3. சித்தியின் இடம் பதினேழாம் எண் மேடை. சென்ற ஆண்டிலிருந்து அந்த இடம் ஒரு டோக்கனாக அவருடைய கைப்பேசியில் இருந்தது. வைத்தது நான் வேலை செய்யும் நிறுவனம்.

4. மறுநாள் வெள்ளிக்கிழமை சித்தி எனக்கு போன் செய்து, "சங்கத்துக்கு அனுப்பட்டுமா பாப்பா?" என்று கேட்டார்.

5. நான் சிதம்பரம் போகும் பேருந்தில், பி.முட்லூர் தாண்டி, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். "ம், அனுப்பு சித்தி" என்றேன்.

6. அனுப்பினார்.

7. அது சங்கத்துக்குப் போகவில்லை. எந்த மனிதருக்கும் போகவில்லை. டோக்கன்களைக் காக்கும் அந்த நிரலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

8. அங்கிருந்து எடுக்க வழியில்லை. வழி வைக்காமல் விட்டவள் நான்.

எட்டு வரியில் அடங்கிவிட்டது. சரிசெய்யத்தான் ஒரு வாரம் ஆனது.

என் வேலை என்னவென்று உறவுக்காரர்களுக்கு விளக்குவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. 'கம்ப்யூட்டர்' என்று சொன்னால் திருப்தியாகப் போய்விடுகிறார்கள். இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பிளாக்செயின் என்பது ஒரு பதிவேடு. அதன் நகல் எங்கெங்கோ இருக்கும் ஆயிரம் கணினிகளில் இருக்கிறது. எழுதியதை யாரும் தனியாகப் போய் அழிக்க முடியாது. அந்தப் பதிவேட்டின் மேல் சின்னச் சின்ன நிரல்கள் ஓடும். அவற்றை 'ஒப்பந்தம்' என்கிறோம். டோக்கன் ஒப்பந்தத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: எந்த டோக்கன் யாருடையது. அதனிடம் நேரடியாகப் பேசுவது பெரும்பாடு. சாவி வேண்டும், கையொப்பம் வேண்டும், ஒவ்வொரு முறையும் கட்டணம், பிறகு காத்திருப்பு. செயலி செய்கிறவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால் நடுவில் எங்கள் வலைச்சேவை. செயலி எங்களிடம் "பதினேழு யாருடையது?" என்று எளிமையாகக் கேட்கும். நாங்கள் ஒப்பந்தத்திடம் அதன் பாஷையில் கேட்டு, பதிலை எளிமையாகத் திருப்பித் தருவோம். கல்யாண வீட்டில் சமையல்காரருக்கும் பெண் வீட்டாருக்கும் நடுவே ஒருவர் ஓடிக்கொண்டே இருப்பாரே, அந்த உத்தியோகம்.

அலுவலகம் சிதம்பரம் தெற்கு வீதியில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில். நான்கு பேர். கீழே யாராவது குடம் வாங்கினால் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். எங்கள் காணொளிக் கூட்டங்கள் எல்லாவற்றிலும் அந்தச் சத்தம் இருக்கும். பெங்களூர் வாடிக்கையாளர் ஒருவர் பக்கத்தில் கோயிலா என்று கேட்டார். கோயிலும் பக்கத்தில்தான் என்பதால் ஆமாம் என்று சொல்லிவிட்டோம்.

மீன் விற்கும் பெண்களின் சங்கம் எங்களிடம் வந்ததற்குக் காரணம் ஒரு நோட்டுப் புத்தகம். முதுநகர் அங்காடியில் நாற்பத்தெட்டு மேடைகள். யாருக்கு எந்த மேடை என்பது அந்த நோட்டில் இருந்தது. பழைய நிர்வாகத்தில் யாரோ சில பெயர்களை அடித்து வேறு பெயர்களை எழுதியிருந்தார்கள். யார் எழுதியது என்று கடைசிவரை தெரியவில்லை. சண்டையில் ஒரு தராசு உடைந்தது, இரண்டு குடும்பங்களில் பேச்சுவார்த்தை நின்றது. புதிதாக வந்த செயலாளர் அக்கா கறாரானவர். "இனிமே யாராலயும் கை வெக்க முடியாத மாதிரி ஒண்ணு வேணும்" என்றார். சித்தி உடனே, "எங்க அக்கா பொண்ணு அந்த வேலதான் பாக்குது" என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்த வேலைதான் என்பது சித்திக்கு எப்படித் தெரியும் என்பது இன்றுவரை புதிர்.

நான் போய் அங்காடி வாசலில் நின்று பேசினேன். பேச்சு நன்றாகவே வந்தது. கடைசியில் செயலாளரைப் பார்த்து, "நீங்களே நெனச்சாலும் மாத்த முடியாதுக்கா" என்றேன். அவருக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துவிட்டது. அடுத்து வந்த கூட்டங்களிலெல்லாம் அதையே சொன்னார்.

ஒப்பந்தத்தை எழுதியவள் நான். நாற்பத்தெட்டு டோக்கன்கள். அதற்கு மேல் ஒன்றுகூட உருவாக்க முடியாது. ஒரே மேடையை இரண்டு பேருக்கு எழுதிக்கொடுக்கும் வேலை இனி நடக்கக் கூடாது என்பதால் அப்படி. செயலியைப் புதுச்சேரியில் வேறொரு குழு செய்தது. இடத்தை இன்னொருவருக்கு மாற்றும் திரையில் 'யாருக்கு?' என்று கேட்டு, கீழே எல்லாப் பெயர்களும் வரும். பெயர்ப் பட்டியலைக் கொடுப்பது எங்கள் சேவை. அந்தப் பட்டியலில் ஒப்பந்தத்தின் சொந்த முகவரியும் இருந்தது. அதற்கும் ஒரு பெயர் வேண்டுமே என்று 'சங்கம்' என்று போட்டுவைத்தேன். அகர வரிசையில் அது பாதிக்குக் கீழே வரும். அழகாக இருக்கட்டும் என்று மேலே தூக்கியும் வைத்தேன்.

சித்தி அந்த முதல் பெயரைத்தான் தொட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். டோக்கனை அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, போய்ச்சேரும் இடத்துக்கு டோக்கனை வைத்துக்கொள்ளத் தெரியுமா என்று பார்த்துவிட்டு அனுப்பும். இன்னொன்று பார்க்காமல் அனுப்பும். பார்க்காத வழிக்குக் கட்டணம் சிறிது குறைவு. நான் அதைத் தேர்ந்தேன்.

பத்து நாள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பதினேழாம் மேடையில் கிள்ளையிலிருந்து ரயிலில் கூடையோடு வரும் ஓர் அம்மாளைச் செயலாளர் உட்காரச் சொல்லியிருந்தார். பொதுவில் போட்ட இடத்தை இடமில்லாதவர்களுக்குக் கொடுப்பதுதான் வழக்கம். இரண்டாவது திங்கட்கிழமை செயலாளரிடமிருந்து போன் வந்தது.

"எம்மா, அடுத்த திங்கக்கெழம பத்து மணிக்கு மாநகராட்சில லிஸ்ட்டு குடுக்கணும், தெரியுமில்ல? அவுங்க கட்டுற புதுக் கொட்டாயிக்கு. யாரு யாரு பேரு போன்ல இருக்குதோ அவுங்களுக்குத்தான் புது மேட."

"தெரியும்க்கா."

"ஒங்க சித்தி பதினேழ பொதுவுல போட்டாங்கல்ல. என் போனுக்கு அது வரவே இல்ல. யாருகிட்டன்னு பாத்தா சங்கம்னு காட்டுது. சங்கம் நான்தான? நான் எங்கேருந்து திருப்பிக் குடுக்கறது?"

நான் மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. குரலை மட்டும் மாற்றவில்லை.

"சித்தி தப்பா அழுத்திட்டாங்கன்னு நெனைக்கிறேன்க்கா. பாத்து சொல்றேன்."

இந்த வாக்கியத்தை அன்று மூன்று பேரிடம் சொன்னேன். மூன்றாவது எங்கள் முதலாளி. பெங்களூரில் ஏழு வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். என்னையும் சேர்த்து எல்லோரையும் 'மச்சான்' என்று கூப்பிட்டுவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

"ஒப்பந்தத்த மாத்திடலாமே மச்சான்... சாரி, மேடம்."

"முடியாது. மாத்த முடியாதுன்னு சொல்லித்தான வித்தோம்."

"யாரு சொன்னது?"

"நான்தான். நீங்க பக்கத்துல ஒக்காந்து தலையாட்டினீங்க."

"புதுசா ஒரு பதினேழு போட்டுக் குடு."

"நாப்பத்தெட்டுக்கு மேல போகாது. அதுவும் நான்தான்."

அவர் கொஞ்ச நேரம் நாற்காலியில் சுழன்றார். கீழே யாரோ ஒரு அண்டாவைத் தட்டினார்கள்.

"சரி, இப்படிப் பண்ணு. செயலி கேக்கறது நம்மளத்தான? பதினேழு யாருதுன்னு கேட்டா, ஒங்க சித்தி பேரச் சொல்லிடு. ஒரு வரி. சங்கத்துக்காரங்க யாரு போயி பிளாக்செயின்ல பாக்கப் போறாங்க?"

யாரும் போய்ப் பார்க்கப்போவதில்லை. அதுதான் அந்த யோசனையில் இருந்த கவர்ச்சி. நான் அந்த ஒரு வரியை எழுதினேன். சோதனைக் கணினியில் ஓட்டினேன். பதினேழுக்கு எதிரே சித்தியின் பெயர் பளிச்சென்று வந்தது. வேலை முடிந்தது; சித்திக்குப் புதுக் கொட்டகையில் மேடை கிடைத்துவிடும்; யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை. ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். பழைய நோட்டில் பெயரை அடித்து எழுதியவரும் இதே மாதிரி ஒரு வரிதான் எழுதியிருப்பார். அவருக்கும் யாரோ ஒரு சித்தி இருந்திருக்கலாம். வரியை அழித்துவிட்டேன்.

முதலாளி கேட்டார்: "ஏன்?"

"நோட்டுப் புத்தகத்துக்கு நாம எதுக்கு மாசாமாசம் சர்வர் வாடகை கட்டணும்?"

"ஆமால்ல" என்றார். அவரை எனக்குப் பிடிப்பதற்கு இது ஒரு காரணம். தப்பு என்று தெரிந்தால் மூன்று நொடிக்கு மேல் முட்டுக்கொடுக்கமாட்டார்.

மிச்சமிருந்தது ஒரு வழிதான். புது ஒப்பந்தம் எழுத வேண்டும். அதில் நாற்பத்தெட்டு இடங்களையும் புதிதாக உருவாக்கி, பழையதைக் கைவிட வேண்டும். செயலிக்கு எங்கள் சேவையை மட்டும்தான் தெரியும் என்பதால், எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு முகவரியை மாற்றினால் செயலி எதுவும் அறியாமல் புது ஒப்பந்தத்தோடு பேச ஆரம்பித்துவிடும். அதெல்லாம் ஒரு நாள் வேலை. ஆனால் ஒருவர் இடத்தை அவரைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போக முடியாது. செயலாளர் அக்கா அதைவிட ஒரு படி மேலே போனார்.

"நாப்பத்தேழு பேரும் அவுங்கவுங்க போன்ல சம்மதம்னு அழுத்தட்டும். பதினேழு இவங்களுதுதான்னு அவுங்களும் சொன்ன மாதிரி ஆவும். ஒருத்தி வுட்டாலும் நாளைக்குப் பேச்சு வரும். திங்கக்கெழம பத்து மணிக்குள்ள எல்லாரும் அழுத்தலன்னா பழைய லிஸ்ட்டுதான். நீதான சொன்ன, நானே நெனச்சாலும் மாத்த முடியாதுன்னு?"

நான்தான் சொன்னேன்.

புதன்கிழமை மாலை சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் என்று பதினோரு வருடம் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்று, அதன் பிறகுதான் பதினேழாம் மேடைக்கு வந்தவர். இப்போது அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. மேடை போனால் மறுபடி கூடைதான். அவர் அதைச் சொல்லவில்லை. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "போச்சுன்னா போச்சுன்னு சொல்லிடு" என்றார்.

"போவல சித்தி. அங்கதான் இருக்கு. எடுக்கத்தான் முடியல."

"கெணத்துல வுழுந்த கொடம் மாதிரியா?"

"கெணத்துல வுழுந்தா பாதாளக்கரண்டி போட்டு எடுக்கலாமே."

"இதுக்குப் பாதாளக்கரண்டி கெடையாதா?"

"நான் செய்யல."

சித்தி என்னைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "இதுக்குத்தான் நாலு வருசம் படிச்சுதாம்" என்றார். சித்தப்பா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "பொண்ணு பஸ்ஸுல இருந்துச்சாம், நீ ஏன் பஸ்ஸுல இருக்கற பொண்ணுகிட்ட கேட்ட?" என்றார். எனக்காகப் பேசுகிறாரா எனக்கு எதிராகப் பேசுகிறாரா என்று தெரியவில்லை.

"பேர மட்டும் தொட்டேன் பாப்பா. பொதுவுல போடறதுன்னா சங்கத்துலதான போடணும். முன்ன வாயால சொல்லுவேன், இப்ப வெரலால சொன்னேன். இன்னா தப்பு?"

தைலம் பாட்டிலை மூடிக்கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கருமாதி முடிந்தது. சனிக்கிழமை சித்தி அங்காடிக்குப் போகவில்லை. முதலில் போனில் பெயர் வரட்டும் என்று செயலாளர் சொல்லியிருந்தார், சித்தியும் கெஞ்சப் போகவில்லை. நான் இரண்டு நாளாக எழுதிய புது ஒப்பந்தத்தைச் சோதித்து முடித்தேன். இந்த முறை 'பொது' என்று தனியாக ஒன்று வைத்தேன். அதில் போட்ட இடம் போட்டவருடையதாகவே இருக்கும்; சங்கம் வேறொருவரை உட்கார வைக்கலாம், ஆனால் திரும்ப எடுக்கும் உரிமை போட்டவருக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, நாற்பத்தேழு பெயர்கள் அச்சிட்ட தாளோடு அங்காடிக்குள் போனேன். வாரத்திலேயே கூட்டம் அதிகமான நாள். நான் எதிர்பார்த்த சிக்கல்கள் நான்கு, வந்தவை வேறு.

முதல் சிக்கல் ஈரம். மீன் கையால் தொட்டால் திரைக்குத் தெரியவே இல்லை. புடவையில் துடைத்தால் புடவையும் ஈரம். மூன்றாம் மேடைக்காரர் முழங்கையால் அழுத்தினார். பிறகு அந்த வரிசை முழுவதும் முழங்கையாலேயே அழுத்தியது.

"ஓட்டுப் போடுற மாதிரி இருக்குதுடி. இதுக்குப் பொடவ கெடையாதா?"

"பொடவ இன்னாத்துக்கு, ரெண்டு வஞ்சரம் எடுத்துக்கினு போவச் சொல்லு, பொண்ணு எளச்சிப் போயிருக்குது."

"எம்மா, இத அழுத்துனா எம் எடமும் அந்தக் கெணத்துல போயி வுழுந்துடாதுல்ல?"

கிணறு என்ற பேச்சு அதற்குள் அங்காடி முழுவதும் பரவியிருந்தது. சித்தப்பாவின் வேலையாகத்தான் இருக்கும்.

நடுவில் ஒருவர் என்னிடம் வந்து, "சங்கரா எப்படி?" என்று விலை கேட்டார். தாளும் பேனாவுமாக நின்றதால் நான்தான் அங்கே அதிகாரம் என்று நினைத்துவிட்டார். தெரியாது என்றேன். "தெரியாதவங்கள எல்லாம் நிக்க வெச்சிருக்காங்க" என்று முனகிக்கொண்டு போனார்.

நான் ஒவ்வொருவரிடமும், சித்தி தவறாக அழுத்திவிட்டார் என்றுதான் ஆரம்பித்தேன். இருபதாவது பேர் வரை அப்படியே போனது. இருபத்தோராவது ஆளாக, நெத்திலி விற்கும் ஓர் அக்கா குறுக்கே கேட்டார்.

"இன்னாத்த அழுத்துனாங்க?"

"சங்கம்னு இருந்தத."

"பொதுவுல போடறதுக்குத்தான? அதுல இன்னா தப்பு? நானா இருந்தாலும் அதத்தான் அழுத்துவேன்."

பக்கத்து மேடைக்காரரும், "அத விட்டா வேற எத அழுத்தறது?" என்றார். நான் தாளில் ஒரு ஓரத்தில் கோடு போட ஆரம்பித்தேன். அதன் பிறகு கேட்டவர்களில் ஒருவர்கூட வேறு பதில் சொல்லவில்லை. எந்தப் பெயரைத் தொடுவீர்கள் என்றால், எல்லோரும் முதல் பெயரைத்தான் காட்டினார்கள். அழகாக இருக்கட்டும் என்று நான் மேலே தூக்கி வைத்த பெயர். அடுத்த ஆளிடம் போனபோது, "நான் தப்பா செஞ்சுட்டேன்க்கா, அதைச் சரிபண்ணத்தான்" என்று ஆரம்பித்தேன். அது பழையதைவிடச் சின்ன வாக்கியம். வேலையும் வேகமாக நடந்தது.

பதினொரு மணிக்கு நாற்பத்தாறு. மிச்சம் ஒன்று, பதினெட்டு.

பதினெட்டாம் மேடைக்காரரும் சித்தியும் நான்கு வருடமாகப் பேசுவதில்லை. மீன் கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது பிரச்சினை. பக்கத்து மேடை என்பதால் தினமும் ஆறு மணி நேரம் தோளோடு தோள் உரசப் பேசாமல் இருப்பார்கள். பதினேழு காலியானால் அவருடைய பெரிய தலைவலி தீர்ந்தது. அதனால்தான் அவரைக் கடைசியாக வைத்திருந்தேன். நான் போய் நின்றதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"கேட்டுக்கினுதான் இருந்தேன். நாப்பத்தாறு பேருகிட்டயும் நீ சொன்னத."

"அக்கா..."

"எம் பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம். லால்பேட்ட பக்கத்துல குடுத்திருக்கறோம். மூணு மாசம் அங்க போயி இருக்கணும். எம் எடத்தப் பொதுவுல போட்டுட்டுத்தான் போவணும்னு இருந்தேன்." ஒரு கிழங்கான் மீனை எடுத்துத் தலையைக் கிள்ளினார். "நானும் அதத்தான் அழுத்தி இருப்பேன். அப்ப எவ வருவா எனக்காக அழுத்த? ஒங்க சித்தி வருவாளா?"

மீனை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"புதுசுல போட்டா திரும்ப வருமா?"

"வரும். நீங்க எடுத்தாதான் வரும். வேற யாரும் எடுக்க முடியாது."

"அப்ப அழுத்தறேன். அழுத்தறேன்னா பேசுவேன்னு அர்த்தம் இல்ல, அதயும் ஒங்க சித்திகிட்ட சொல்லிடு."

"சொல்றேன்க்கா. போன் எங்க?"

"அது அந்த ஆளுகிட்ட."

அந்த ஆள் அவருடைய கணவர். பதிவு செய்திருந்த எண் அவருடையது. அவர் சனிக்கிழமை படகில் போனவர், திங்கட்கிழமை காலைதான் திரும்புவார். கைப்பேசி அவரோடு கடலில்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குத் துறைமுகத்தில் நின்றேன். பதினெட்டாம் மேடை அக்கா ஒரு பக்கம். செயலாளர் அக்கா, பட்டியலை அச்செடுக்க வேண்டிய பதற்றத்தில், ஒரு பக்கம். சித்தி, வரவேண்டாம் என்று சொல்லியும் வந்து, ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் யாரையும் பார்க்காத மாதிரி. ஏழரை வரை படகு வரவில்லை. காற்று எதிர் என்று யாரோ சொன்னார்கள். எட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது.

கணவர் இறங்கியதும் அக்கா, "போனக் குடு" என்றார்.

"இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. குடு."

பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் கைப்பேசி அணைந்திருந்தது. சார்ஜ் இல்லை. டீக்கடையில் ஒரே ஒரு மின் இணைப்பு. அதில் கடைக்காரர் பாட்டுப் பெட்டியைச் செருகியிருந்தார். செயலாளர் அக்கா ஒரு வார்த்தை பேசாமல் அதைப் பிடுங்கினார். பதினைந்து நிமிடம் எல்லோரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு டீ குடித்தோம். எட்டு இருபதுக்கு உயிர் வந்தது. நான் என் பக்கத்திலிருந்து கோரிக்கையை அனுப்பினேன். ஓடிபி வந்தது. கணவர் அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஓடிபிய யாருகிட்டயும் சொல்லக் கூடாது. டிவில தெனம் சொல்றான்."

"நான் யாரோவா?" என்றார் அக்கா.

"யாருகிட்டயும்னா யாருகிட்டயும்தான். ரெண்டு நாளு கடலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள மூணு பொம்பளைங்க கரைல நின்னு ஓடிபி கேக்கறீங்க. இன்னா நடக்குதுன்னு சொல்லு மொதல்ல."

சொல்ல ஆரம்பித்தேன். பதிவேடு, ஒப்பந்தம் என்று நான் போய்க்கொண்டிருக்கும்போதே ஓடிபியின் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது அனுப்பினேன். அப்போது ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து சித்தியின் குரல் வந்தது.

"என் எடம் தொலஞ்சிடுச்சி மாமா. அது திரும்ப வரணும்னா ஒங்க வூட்ல அழுத்தணும். அவ்ளோதான்."

அவர் சித்தியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். தண்ணீர்ச் சண்டை அவருக்கும் தெரியும்.

"அழுத்தறேன்னு சொன்னியா நீ?"

"சொன்னேன்."

"நீயா?"

"படிக்கறியா, அடுத்ததும் போயிடட்டுமா?"

அவர் எண்களை ஒவ்வொன்றாக, ஏலம் கூறுகிற குரலில் படிக்க, நான் மடிக்கணினியில் போட்டேன். அக்கா முந்தானையால் விரலை மூன்று முறை துடைத்து, கைப்பேசியில் 'சம்மதம்' என்பதை அழுத்தினார். என் மடிக்கணினியில் நாற்பத்தேழு என்று வந்தது. புது ஒப்பந்தம் நாற்பத்தெட்டு இடங்களையும் உருவாக்கப் பதினோரு நொடி எடுத்துக்கொண்டது. செயலாளர் அக்கா தன் கைப்பேசியில் செயலியைத் திறந்து, பதினேழைத் தேடி, பெயரைச் சத்தமாகப் படித்தார். சித்தி ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்; இரண்டு மணி நேரமாக அந்த முட்டியோடு நின்றிருக்கிறார்.

ஜெராக்ஸ் கடையில் இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்பதே முக்காலுக்குச் செயலாளர் அக்கா பட்டியலை மாநகராட்சி அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவந்தார். நான் பத்தரை ரயிலில் சிதம்பரம் போனேன். ஆலப்பாக்கம் வரைக்கும் விழித்திருந்தது நினைவிருக்கிறது.

இப்போதைய நிலை இது. பட்டியலில் நாற்பத்தெட்டு பெயர்கள் இருக்கின்றன. பதினேழுக்கு எதிரே சித்தியின் பெயர். பழைய ஒப்பந்தத்தில் இருக்கும் பதினேழை இனி யாரும் எடுக்க முடியாது, யாருக்கும் அது தேவையும் இல்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து சித்தி தன் மேடையில் உட்கார்ந்து விற்கிறார். புதுக் கொட்டகைக்குக் கூரை போட்டாகிவிட்டது. ஒதுக்கீட்டு ஆணை இன்னும் வரவில்லை.